ராகு காலத்தில் பிடித்த மண்டபம்

மானிட்டரின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். கீபோர்டின் மேல் ஒரு முழம் மல்லிகை. மண்டபத்து முதலாளி கற்பூரத் தட்டைக் கம்ப்யூட்டரைச் சுற்றி மூன்று தடவை காட்டினார். ஒயர் பக்கமாகத் தட்டு போகும்போதெல்லாம் நான் ஒயரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"தம்பி, ஒம்பதேகாலுக்கு நல்ல நேரம் ஆரம்பம். அமுக்கு" என்றார்.

அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. இன்டர்நெட் இல்லை.

அரியலூரில், ஸ்டேஷனில் இறங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடக்கூடிய ஒரு கல்யாண மண்டபத்தின் ஆபீஸ் அறை அது. நான் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் புதிதாக வந்தவர்கள் இந்த ஒரு வரியோடு தெரிந்துகொண்டால் போதும். ரிப்பேர் பார்ப்பேன், கேமரா மாட்டுவேன், கேட்டால் வெப்சைட்டும் போட்டுக் கொடுப்பேன். வேறு பெருமை ஒன்றும் இல்லை.

அன்றைக்கு, அந்த வெள்ளிக்கிழமை, மண்டபத்தின் ஆவணி, தை முகூர்த்தத் தேதிகளை முதல் முறையாக ஆன்லைனில் திறந்துவிடுவதாக ஏற்பாடு. போனில் பக்கத்தைத் திறந்தால் காலண்டர் வரும். காலியான தேதி பச்சை, போன தேதி சிவப்பு. பச்சையைத் தொட்டுப் பேரும் நம்பரும் போட்டு அட்வான்ஸை அனுப்பினால் மண்டபம் உங்களுக்கு. யாரையும் பார்க்க வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம்.

அந்த யாரிடமும் பேச வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மலர்க்கொடிக்கு அந்த மண்டபம் வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். வயதானவர்கள் நிறைய. ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால் அலைச்சல் இல்லை என்று அவர்களே வாய்விட்டுக் கேட்டிருந்தார்கள்.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பின்பக்கத்தை இறக்க மறந்து வந்த டிப்பர் லாரி ஒன்று குறுக்கே போன கேபிளை அறுத்துவிட்டிருந்தது. சுண்ணாம்புக் கல் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி. டிரைவர் கீழே இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கேபிள் ரோட்டில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

கேபிள்காரர் வந்து ஏணி போட்டு, ஒட்டி, சரி செய்து முடிக்கும்போது மணி பத்தரை ஆகிவிட்டது. மண்டபத்து மேனேஜர் கலியபெருமாள் அண்ணன் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"லைன் வந்துடுச்சு தம்பி. ராகு காலமும் வந்துடுச்சு. இனிமே பன்னெண்டு மணிக்குத்தான்" என்றார்.

முதலாளி வாட்ஸப்பில் எல்லோருக்கும் "லைன் வந்துவிட்டது, பதிவு செய்யலாம்" என்று குரல் செய்தி அனுப்பிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பதிலாகக் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவரும் பக்கத்தைத் திறக்கவில்லை.

சொந்த வீடு, வாடகை வீடு

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெப்சைட் என்பது எங்கேயாவது ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்பவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. இதற்கென்றே பெரிய ஊர்களில் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிறார்கள். அதில் போட்டுவிடலாம் என்று முதல் நாளே முதலாளியிடம் சொன்னேன்.

"வாடகையா?" என்றார். அந்தச் சொல் அவருக்கு நெல்லிக்காயைக் கடித்தது போல் இருந்தது. "அடுத்தவன் வூட்டுல போயி நம்ம சாமான எதுக்குப்பா வெக்கணும்? இந்தா இருக்குதுல்ல, கலியபெருமாள் கம்ப்யூட்டரு. சொந்த எடம். இதுல வெய்யி."

மண்டபம் கட்டி நூற்றுக்கணக்கான பேருக்கு நாள் வாடகைக்கு விடுகிறவர், தான் வாடகைக்குப் போவதை அவமானமாக நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கடன் வாங்கியாவது சொந்த வீடு கட்டுவார்கள், கட்டிய வீட்டில் சுண்ணாம்பு அடிக்கக் காசு இருக்காது. மனிதர் நல்லவர்தான். நான் போகும்போதெல்லாம் காபி வரும், கடை எப்படிப் போகிறது என்று கேட்பார். எந்த ஊர் என்றும் கேட்பார்.

"கீழப்பழுவூருக்கு அந்தப் பக்கங்க."

"அந்தப் பக்கம்னா எங்க?"

"இப்ப பெரம்பலூர்லயே செட்டில் ஆயிட்டோங்க சார்."

அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும். அவர் மேலே கேட்க மாட்டார், நானும் மேலே சொல்ல மாட்டேன். மூன்று வருடமாக இரண்டு பேரும் இதே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். இது எவ்வளவு களைப்பான வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பத்து இலை

கலியபெருமாள் அண்ணனின் கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர். மூடியைக் கழற்றினால் உள்ளே சிமெண்டுத் தூசி சாம்பல் படலமாக ஒட்டியிருக்கும், அதைத் தட்டிவிட்டால் நன்றாக ஓடும். அதில் இருந்தது வீட்டுக்கும் ஆபீஸுக்கும் விற்கிற சாதாரண விண்டோஸ். அதிலேயே வெப் சர்வர் போட்டுக்கொள்ள வசதி இருக்கிறது. போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் பத்துக் கோரிக்கைகளைத்தான் அது கவனிக்கும்.

கம்ப்யூட்டருக்குத் தெம்பு போதாமல் இல்லை. நூறு பேரைக்கூடத் தாங்கும். பெரிய அளவில் நடத்த வேண்டுமென்றால் சர்வருக்கென்று தனியாக விற்கிற சிஸ்டத்தை வாங்கிக்கொள் என்பதற்காக அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

முதலாளிக்குப் புரிய வேண்டுமே என்று அவர் மொழியிலேயே சொன்னேன். "சார், பந்தி ஹால்ல இருநூறு பேரு உக்காரலாம். ஆனா பத்து எலதான் போடுவேன்னு ஒருத்தன் நிக்கிறான்னு வெச்சிக்கங்க. பத்து பேரு சாப்ட்டு எந்திரிச்சாத்தான் பதினோராவது ஆளு உக்காரலாம்."

"பதினோராவது ஆள வெளிய போன்னு சொல்லிடுமா?"

"சொல்லாதுங்க. அதான் சங்கடம். வாசல்லயே நிக்க வெச்சிரும். நிக்க வெச்சிருக்கேன்னும் சொல்லாது. அவங்க போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்."

முதலாளி சிரித்தார். "அட, ஒரே நேரத்துல பத்து பேரு எங்கேர்ந்துப்பா வரப் போறான்? வருசம் பூரா கூட்டினாலே நாப்பது அம்பது கல்யாணம்."

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் தேதியைப் பிடித்தால் அடுத்த நொடியே எல்லார் போனிலும் அது சிவப்பாக மாற வேண்டும் என்று ஆசைப்பட்டார். செய்துகொடுத்தேன். அப்படிச் செய்தால் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை மூடும் வரை ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். சாப்பிட்ட பிறகும் இலையை மூடாமல் உட்கார்ந்திருப்பதைப் போல. அதையும் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இதற்கு வேறு வழி இருக்கிறதே என்று என் தொழில்காரர்கள் இந்நேரம் முணுமுணுப்பார்கள். இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் வேறு சிஸ்டத்தைப் போட்டிருக்கலாம். ஆனால் கலியபெருமாள் அண்ணன் பில் போடுவதும் அதே கம்ப்யூட்டர், பிரிண்ட் எடுப்பதும் அதே கம்ப்யூட்டர், மத்தியானத்தில் சீட்டு விளையாடுவதும் அதே கம்ப்யூட்டர். அதில் கை வைத்தால் என்னை ஊருக்குள் விடமாட்டார்.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். பத்து இடம் தாராளம் என்று நினைத்தேன்.

நினைத்ததில் என்ன அர்த்தம் இருக்கிறது? வாரம் தவறாமல் சிறுவாச்சூர் வழியாக பஸ்ஸில் போகிறவன் நான். அங்கே காளி கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை போனால் ரோட்டோரக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை அதே இடத்தில் பஸ் நகராது. நம் ஜனங்கள் ஒவ்வொருவராக வரமாட்டார்கள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, மொத்தமாகத்தான் வருவார்கள். அதுவும் கல்யாண விஷயம்.

"தேதி போயிடுச்சுங்க"

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் என் சின்னம்மா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இதே மண்டபத்தைக் கேட்டோம். அப்போது எனக்கு முதலாளியைத் தெரியாது. அம்மாதான் போன் செய்தார். நல்ல நேரம் பார்த்து, முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு, நின்றபடியே பேசினார். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னார்.

எங்கள் தெருவின் பெயர் காலனித் தெரு. இதற்கு மேல் விளக்கம் எழுதினால் தமிழ் வாசகர்களை அவமதித்த மாதிரி ஆகிவிடும்.

"ஒரு நிமிசம் இருங்க" என்றார்கள். பிறகு, "அந்தத் தேதி போயிடுச்சுங்க."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. போயிடுச்சுங்க. அந்த ங்க இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு சண்டையும் போட முடியாது.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டுத்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. அன்று காலை மாப்பிள்ளையின் சிநேகிதர்களை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போனேன். போகும் வழியில் அந்த மண்டபம். கேட் பூட்டியிருந்தது. வாழைமரம் இல்லை, மைக்செட் இல்லை. காம்பவுண்டுச் சுவரில் ஜமுக்காளங்களைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார்கள். நீலத்தில் சிவப்புக் கோடு போட்ட ஜமுக்காளம். வெயில் ஏறாத நேரம், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. மலரிடம் சொன்னேன். அவள் அப்போது லேப் டெக்னீஷியன் படித்துக்கொண்டிருந்தாள். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள்.

ஆகவே, அந்த ஆன்லைன் பக்கத்தில் பேர், போன் நம்பர் இரண்டை மட்டும் கேட்டு நிறுத்தினேன். முதலாளி அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனம் முழுக்கச் சிவப்பு உடனே வருகிறதா என்பதில் இருந்தது.

ராகு காலம்

மறுபடியும் அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மணி பத்தரை தாண்டிவிட்டது. ஆபீஸ் அறையில் நானும் கலியபெருமாள் அண்ணனும் மட்டும். முதல் நாள் நடந்த வளைகாப்பின் பன்னீர் வாசனையும் பெருங்காய வாசனையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது.

எத்தனை பேர் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு சின்னக் கட்டத்தைத் திரையின் ஓரத்தில் வைத்திருந்தேன். பூஜ்யம். கேட்டுப் பார்த்தேன், "அண்ணே, யாராவது வருவாங்களா?"

"ராகு காலத்துலயா? கல்யாணத்துக்கு மண்டபம் புடிக்கவா?" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஊருல பொறந்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரும் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டு அடித்ததும் அத்தனை பேரும் ஒன்றாக அமுக்குவார்கள். பத்து இலை. மீதிப் பேருக்கு வட்டம்.

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தார்.

"அம்மா, இப்ப காலியா இருக்கு. எல்லாருக்கும் தொறந்துதான் கெடக்கு, ஒருத்தரும் வரல. மலர இப்பவே போடச் சொல்லு. பன்னெண்டு மணிக்கு மேல கூட்டம் வந்தா உள்ளயே போக முடியாது."

"ராகு காலம்டா."

"தெரியும்மா. பத்து பேருக்குத்தான் எடம்."

"அந்தப் பத்துல நம்ம ஒருத்தரா இருக்க மாட்டமா?"

ஆயுசு முழுக்க அப்படி நினைத்து நினைத்துத்தான் அம்மா எங்களை இந்த அளவுக்குக் கொண்டுவந்தார். "மொதமொதல்ல நம்ம வூட்டுப் பொண்ணுக்கு மண்டபத்துல கல்யாணம். அத ராகு காலத்துல ஆரம்பிக்கணுமா? அப்பறம் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா காலத்துக்கும் மனசு அடிச்சுக்கும். பன்னெண்டுக்குப் போடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு அதற்குள் அலுத்துவிட்டது. கேபிளோடு, கற்பூரத்தோடு, முதலாளியோடு, அம்மாவோடு, ஒரே காலையில் எத்தனை பேரோடுதான் மல்லுக்கட்டுவது? திரும்ப வந்து உட்கார்ந்தேன். கலியபெருமாள் அண்ணன் சீட்டு விளையாட ஆரம்பித்திருந்தார். மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

பதினொன்றரை வாக்கில் இருக்கும். ஓரத்துக் கட்டத்தில் பூஜ்யம் ஒன்றானது.

காலண்டர் பக்கத்தில் ஆவணி ஞாயிற்றுக்கிழமை ஒன்று பச்சையிலிருந்து சிவப்பாக மாறியது. பேர், மலர்க்கொடி. அட்வான்ஸ் வந்துவிட்டது. ரசீது போய்விட்டது. ஒன்று மறுபடியும் பூஜ்யமானது. கலியபெருமாள் அண்ணன் சீட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை.

மறுபடியும் வராந்தா. மலர் பெரம்பலூரில் லேபில் இருந்தாள். பின்னால் ஏதோ மிஷின் சுற்றும் சத்தம்.

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"என்னத்துக்கு இப்பப் போட்ட?"

"அண்ணே, இத்தன வருசமா நல்ல நேரம் பாத்து பாத்துத்தான் கேட்டோம். தேதி போயிடுச்சுன்னாங்க. கெட்ட நேரத்துல ஒரு தடவ கேட்டுப் பாப்பமேன்னு போட்டேன்" என்றாள். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "அம்மாகிட்ட பன்னெண்டுன்னு சொல்லிடு."

வைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது.

பன்னிரண்டு மணி

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு முதலாளி வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு ஆனதும் கட்டத்தில் பூஜ்யம் பத்தானது. நடுவில் எந்த எண்ணும் வந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. பத்து. அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே போன பத்துப் பேரும் நகரவில்லை. ஜாதகத்தை வைத்துக்கொண்டு, ஐயரைப் போனில் பிடித்துக்கொண்டு, பெண் வீட்டாரைக் கேட்டுக்கொண்டு, பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருந்தார்கள். வெளியே நின்றவர்கள் முதலாளிக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு போனைக் காதில் வைத்திருக்கும்போதே இன்னொரு போன் அடித்தது.

"சுத்துதாம்யா. எல்லாருக்கும் சுத்துதாம். என் மச்சானுக்கே சுத்துதாம்" என்றார்.

மச்சான் வீட்டில்தான் விவகாரம். மச்சான் மகளுக்கும் ஆவணியில் அதே ஞாயிற்றுக்கிழமை வேண்டுமாம். முதலாளி குனிந்து காலண்டரைப் பார்த்தார். சிவப்பு.

"இது எப்படிச் செவந்துச்சு? யாரும் உள்ளயே வரலையே?"

கலியபெருமாள் அண்ணன் பார்த்துச் சொன்னார். "பதினொண்ணரைக்குப் போட்ருக்காங்க. மலர்க்கொடின்னு பேரு."

"ராகு காலத்துலயா? யாரது? போனப் போடு."

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். என் தங்கையின் குரல் அந்த அறைக்குள் வந்தது.

"எந்த ஊரும்மா?" என்றார் கலியபெருமாள் அண்ணன்.

ஊர் பேரைச் சொன்னாள்.

"அதுல எந்தத் தெரு?"

"உங்க ஆன்லைன் பக்கத்துல அந்தக் கேள்வி இல்லைங்களே சார்."

கலியபெருமாள் அண்ணன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி போதும் என்று கையைக் காட்டினார். போனை வைத்தார்கள். பதில் சொல்லாததே பதிலாகப் போய்விட்டது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. சாதாரணமாக, கேட்டை மூடு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். "ராகு காலத்துல போட்டது நம்ம மண்டபத்துக்கு ஆகாது தம்பி. அத எடுத்துடு. பணத்தத் திருப்பி அனுப்பிடலாம். சிஸ்டம் ஹேங் ஆச்சுன்னு சொல்லிக்கலாம்."

"எடுக்க முடியாதுங்க சார்."

"ஏன், சிஸ்டத்துல முடியாதா?"

"சிஸ்டத்துல முடியும். என்னால முடியாதுங்க. அது என் தங்கச்சி."

மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து அப்போதுதான் நகர்ந்தேன். பெரிய தைரியமெல்லாம் இல்லை. கால் வலித்தால் உட்கார்ந்துவிடுவோமே, அதே மாதிரிதான் வாயில் வந்துவிட்டது.

முதலாளியின் போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மானிட்டரில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். காபி டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"மொதல்ல இந்தச் சுத்துறத நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். உடனே சிவக்கிற அந்த வித்தையை எடுத்துவிட்டு சர்வரை மறுபடி ஓடவிட்டேன். பக்கத்தைக் கொடுத்ததும் ஆள் எழுந்துவிடுவார், அடுத்தவர் உட்காரலாம். கூட்டம் நகர ஆரம்பித்தது. மத்தியானம் முடிவதற்குள் ஆவணியும் தையும் பாதிக்கு மேல் சிவந்துவிட்டன. மச்சான் வேறு ஞாயிற்றுக்கிழமை பிடித்தார்.

மலரின் தேதி அப்படியே இருந்தது. யாரும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் அதன் பிறகு சொல்லவில்லை. நான் மல்லிகையைக் கீபோர்டிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். ஜன்னலில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும், தூங்கிவிட்டேன்.

முதல் பந்தி

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வாசலில் வாழைமரம், மேலே சீரியல் லைட், உள்ளே அதே நீல ஜமுக்காளம். அதைப் பார்த்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு வேண்டுமென்றே அதன் மேல் ஒரு தடவை நடந்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான்.

முதலாளி வந்தார். மணமக்களுக்கு அட்சதை போட்டார், என் கையைப் பிடித்து "நல்லா நடந்துச்சு தம்பி" என்றார். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"வயிறு சரியில்லப்பா. மோர்கூடக் குடிக்கல காலைல."

நான் வற்புறுத்தவில்லை. இந்த வயிற்று வலி எந்த டாக்டருக்கும் பிடிபடாதது.

கலியபெருமாள் அண்ணன் முதல் பந்தியில் உட்கார்ந்தார். அம்மாவே ரசம் விட்டார். "இன்னுங் கொஞ்சம் விடுங்க" என்று இரண்டாவது தடவையும் கையைக் குழித்து வாங்கிக் குடித்தார். நான் கம்பத்துக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சாப்பிடுவதை இப்படிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று தெரியும்.

அம்மா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் போட்டோம், அதனால்தான் குறையில்லாமல் நடந்தது என்று. இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டப் போவது மலர். எந்த வரிகளைத் தாண்டிப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் முதலாளி கூப்பிட்டார். "பத்து பேரத் தாங்காத சிஸ்டம் நமக்கு எதுக்கு தம்பி? பழையபடி போனே போதும்." வாடகை இடத்தில் போட்டால் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் என்று மறுபடியும் சொன்னேன். அவர் காபி வரவழைத்தார். சர்வரை நானே நிறுத்தினேன். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது ஹாலில் இருக்கிற டிவியில் "நல்வரவு" என்று ஓடவிடுகிறது. அதற்கு ஒருவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

மறுபடியும் போன்

இதெல்லாம் இப்போது ஏன் எழுதினேன் என்றால், போன வாரம் சின்னம்மா கடைக்கு வந்தார். அவரது கடைசி மகளுக்குத் தை மாதம் கல்யாணம்.

"உன் கம்ப்யூட்டர்ல போட்டுத் தந்துடுடா" என்றார்.

"அத எடுத்துட்டாங்க சின்னம்மா. போன்லதான் கேக்கணும்."

சின்னம்மாவின் முகம் வாடியது. "போன்லயா" என்றார்.

மலர் அப்போது கடையில்தான் இருந்தாள், மாமியார் வீட்டுக்கு ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தவள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். என் போனை எடுத்து மண்டபத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அது நல்ல நேரமா கெட்ட நேரமா என்று நான் கேட்கவில்லை. சின்னம்மா மட்டும் காலண்டரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

கலியபெருமாள் அண்ணன் எடுத்தார். மலர் தை மாதத் தேதியைச் சொன்னாள். ஊர் பேரைச் சொன்னாள்.

"ஒரு நிமிசம் இரும்மா" என்றார்.

அந்த ஒரு நிமிடம் எங்களுக்குப் பழக்கமானது. பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. "யாருய்யா?"

"அந்த ராகு காலத்துப் புள்ளதாங்க."

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடையில் பிரிண்டர் ஓடி நின்றது. சின்னம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மலர் வைக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் கவனிக்கவில்லை.

"தேதி இருக்கும்மா" என்றார் கலியபெருமாள் அண்ணன். "எழுதிக்கிறேன். பொண்ணு பேரு, மாப்ள பேரு சொல்லு."

பெண்ணின் பேரைச் சொன்னாள். மாப்பிள்ளையின் பேரைச் சொன்னாள். போன் நம்பரைச் சொன்னாள்.

"சரிம்மா, அவ்வளவுதான்."

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றாள் மலர். "காலனித் தெரு. அதையும் எழுதிக்குங்க."